சத்தம் நின்றதும் டிவியைக் குறைத்த வீடு

என்னங்க, எங்கே இருந்தாலும் கொஞ்சம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்.

நம் வாசுவுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. பெண்ணுக்குச் சொந்த ஊர் சுங்கைப் பட்டாணி. பெயர் தர்ஷினி, பாலர் பள்ளியில் ஆசிரியை. பரிசம் போட்டாகிவிட்டது, மண்டபமும் பார்த்தாகிவிட்டது. நடுவில் ஒருமுறை எல்லாம் நின்றுபோகப் பார்த்தது. அதற்குக் காரணம் உங்களிடமிருந்து உங்கள் மகனுக்கு வந்த குறட்டை. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

உங்களுக்கு மட்டும் சொல்வதாக இருந்தால் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருப்பேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நம் ஆட்கள் குடியிருக்கிற தாமான் வீடுகளில் தெருவுக்கு ஒருவராவது உங்களைப் போல் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் வீட்டுக்காரி கண்ணில் இது பட்டால் போதும்.

உங்கள் குறட்டையை நான் முதலில் கேட்டது செர்டாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், நான் வாழ வந்த லயத்து வீட்டில். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. நம் வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். கல்யாணம் ஆன புதிதில் பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா தண்ணீர்க் குழாயடியில் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்.

“ஏன் இந்திரா, ஒம் புருசன் தூங்குறானா, இல்ல பால்மரத்த அறுத்துக்கிட்டு இருக்கானா?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரே சமாதானமும் சொன்னார். “கொறட்ட விடுற ஆம்பள சூதுவாது இல்லாதவன் லா. மனசுல ஒன்னுமில்லாதவனுக்குத்தான் அப்புடித் தூக்கம் வரும். நீ பழகிக்க.” நான் பழகிக்கொண்டேன். ஒரு பெண்ணை எதற்கு வேண்டுமானாலும் பழக்கிவிடலாம் என்பது வேறு கதை.

அந்தக் குறட்டைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தாழ்வாகத் தொடங்கும். மெல்ல மெல்ல ஏறும். ஏறி உச்சத்துக்குப் போன இடத்தில் யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நிற்கும். அதற்கப்புறம் ஒரு சத்தமும் இருக்காது. வயிறு மட்டும் ஏறி இறங்கும். பிறகு தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு மூச்சு வரும், உடம்பு ஒரு குலுங்கு குலுங்கும், மறுபடியும் தாழ்வாகத் தொடங்கும். மல்லாந்து படுத்தால் அதிகம். தீபாவளிக்கு நாலு கிளாஸ் உள்ளே போயிருந்தால் இன்னும் அதிகம்.

தோட்டத்தை விட்டுக் கூலிம் டவுனுக்கு வந்து நீங்கள் தொழிற்சாலை பஸ் ஓட்ட ஆரம்பித்த பிறகு உங்கள் தூக்கம் மத்தியானத்துக்கு மாறியது. காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வந்து ஹாலில் பாயைப் போட்டுப் படுப்பீர்கள். சாயங்காலம் மறுபடி பஸ்ஸை எடுக்க வேண்டும். நான் குசினியில் இருப்பேன். வாசு டிவி பார்த்துக்கொண்டிருப்பான். நீங்கள் குறட்டை விடும் வரைக்கும் எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை. பேசுவோம், சிரிப்போம், பாத்திரத்தை உருட்டுவோம். சத்தம் நின்றால்தான் ஜாக்கிரதை.

“அப்பா இப்பத்தான் அசந்தாரு, சத்தத்தக் கொற” என்பேன். வாசு டிவியைக் குறைப்பான். கரண்டியைக்கூட நான் மெதுவாகத்தான் வைப்பேன். அந்த அமைதிதான் உங்களுடைய நல்ல தூக்கம் என்று இந்த வீட்டில் இருந்த எல்லாரும் நம்பினோம். நீங்களும் நம்பினீர்கள். “செத்த நேரம் நல்லா அசந்துட்டேன்” என்று எழுந்து உட்காருவீர்கள். கண் மட்டும் சிவந்திருக்கும், தலையைப் பிடித்துக்கொண்டே டீ கேட்பீர்கள்.

சில நாள் திடுக்கிட்டு எழுந்து மூச்சுக்கு அல்லாடுவீர்கள். “யாரோ நெஞ்சு மேல ஏறி ஒக்காந்த மாதிரி இருக்கு” என்பீர்கள். அதற்கு நம்மிடம் ஒரு பெயர் தயாராக இருந்தது, அமுக்கான். முனியாண்டி கோயிலில் கறுப்புக் கயிறு மந்திரித்துக் கட்டினோம். தலையணைக்கு அடியில் நான் கத்தரிக்கோல் வைத்தேன். இரும்பைக் கண்டால் அமுக்கான் கிட்டே வராது என்றார்கள். கத்தரிக்கோல் வைத்த பிறகு கொஞ்ச நாள் வரவும் இல்லை. அது ஏன் என்று இப்போது யோசித்தால், கத்தரிக்கோல் குத்துமே என்று நீங்கள் ஒருக்களித்துப் படுத்ததுதான் காரணமாக இருக்க வேண்டும்.

நீங்கள் போனதும் அப்படி ஒரு மத்தியானத்தில்தான். வாசு பாலிடெக்னிக் லீவில் வீட்டில் இருந்தான். அன்றைக்கும் சத்தம் ஏறி, நின்றது. அன்றைக்கும் அவன் டிவியைக் குறைத்தான். நான் சாம்பாரை இறக்கிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று உங்களை எழுப்ப வந்தேன்.

மாரடைப்பு என்றார்கள். பிரஷர் இருந்தது, சீனி இருந்தது, சிகரெட்டும் இருந்தது. இதுதான் காரணம் என்று ஒன்றைத் தனியாக எடுத்துக் காட்ட யாராலும் முடியாது. நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. எனக்கு அது வராது, உங்களுக்குத்தான் தெரியுமே. என்னை நானே அடித்துக்கொள்வதற்கும் இதை எழுதவில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். தெரிந்த பிறகு என்ன செய்தோம் என்பதுதான் இனிமேல் சொல்லப்போவது.

வாசு இப்போது ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். தூசு படக் கூடாதென்று தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு கண்ணை மட்டும் காட்டி வேலை செய்கிறான். பகலில் ஒரு வாரம், இரவில் ஒரு வாரம். இரவு வேலை வாரத்தில் காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுவான். உடம்பு போட்டுவிட்டான். கழுத்து அப்படியே உங்கள் கழுத்து, சட்டையின் மேல் பித்தானைப் போட முடியாது. குறட்டையும் உங்களுடையதுதான். உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தம் வீட்டுக்குத் திரும்பி வந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எழுந்தால் தலைவலி என்பான், வாய் காய்ந்து கிடக்கிறது என்பான். சிவப்பு விளக்கில் காடியை நிறுத்தினவன் அப்படியே தூங்கிப்போய், பின்னால் இருந்த லோரிக்காரன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டியிருக்கிறான். இதை அவன் ஒரு ஜோக்காகச் சொன்னான், நானும் சிரித்தேன். ஓவர்டைம் அதிகம், பையன் களைத்துப்போகிறான் என்று முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொடுத்தேன்.

பரிசத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் தர்ஷினி தனியாக வந்தது. சொல்லாமல் வந்ததால் எனக்குப் பக்கென்றது. வாசு இரவு வேலை முடித்துவிட்டு அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம் அத்த. ஒங்களப் பாக்கத்தான் வந்தேன்.”

டீ ஆறிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் கோப்பையைத் தொடவில்லை. உள்ளே இருந்து குறட்டை தாழ்வாகத் தொடங்கியது.

“அத்த, அவரு தூங்கறப்ப நீங்க கேட்டிருக்கீங்களா?”

“இந்தத் தெருவே கேக்குதேம்மா” என்றேன். குறட்டையைக் காரணம் காட்டிப் பின்வாங்கப் பார்க்கிறதோ என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்கூட வந்தது.

அது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. போனில் பேசிக்கொண்டே தூங்கிப்போவார்கள், போனை அணைக்க மாட்டார்கள். வாசு ஷிப்ட் முடிந்து வந்து படுத்தபடி பேசுவான், பாதியில் தூங்கிவிடுவான். பள்ளி விடுமுறையில் இந்தப் பெண் போனை மேசையில் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு அட்டை வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்குமாம்.

“மொதல்ல லைன் கட்டாயிடுச்சுன்னு நெனச்சேன் அத்த. கொறட்ட வருது, வருது, திடீர்னு ஒன்னுமே இல்ல. போன எடுத்துப் பாத்தா லைன் இருக்கு. எங்க வீட்டுலதான் வைபை சரியில்லன்னு வெளிய போய் நின்னு கேட்டேன். அங்கயும் அப்புடித்தான். அப்பறந்தான் புரிஞ்சிச்சு, லைனு போகல, மூச்சுத்தான் போகுதுன்னு.”

நான் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

“இப்பல்லாம் அது நின்னா நான் போன்ல கத்துவேன். வாசு, வாசுன்னு. எங்கம்மா எனக்குப் பைத்தியம்னு நெனக்கிறாங்க.”

அப்போது உள்ளே சத்தம் ஏறி, நின்றது. என் கை தானாகப் போய் டிவி ரிமோட்டை எடுத்தது. தர்ஷினி எழுந்து அறைக்கு ஓடியது.

ஒரே அமைதிதான், இரண்டு பேர் காதிலும் விழுந்தது. கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு அது ஆபத்தாகக் கேட்டது. ஏனென்றால் குறட்டை விடுகிறவன் சூதுவாது இல்லாதவன் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

வாசுவை உலுக்கி எழுப்பி, அவனிடம் தர்ஷினி நேராகவே சொன்னது. “ஆஸ்பத்திரிக்குப் போங்க. மெஷின் போடச் சொன்னா போட்டுக்கணும். இல்லன்னா கல்யாணத்தத் தள்ளி வைக்கச் சொல்லி எங்கப்பாகிட்ட நானே சொல்லிருவேன். இங்க பக்கத்துல ஒக்காந்து மூச்ச எண்ணிக்கிட்டே இருக்க என்னால முடியாது லா.”

வாசுவுக்கு வந்ததே கோபம். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரம். மாப்பிள்ளைக்கு வியாதி என்று வெளியே தெரிந்தால் நம் சனங்கள் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியாதா? அந்தப் பெண் போன பிறகு என்னிடம் குதித்தான். “அப்பாவும் இப்டித்தானம்மா தூங்குனாரு. அப்பா மாதிரி நிம்மதியாத் தூங்குன ஆள நீங்க பாத்திருக்கீங்களா?” அவனுக்கு நீங்கள் என்றால் அந்த மத்தியானங்கள்தான். அதில் கை வைப்பதற்கு எனக்கே மனம் வரவில்லை.

கடைசியில் பரிசோதனைக்கு மட்டும் ஒப்புக்கொண்டான். மருத்துவமனையில் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்துவிட்டார்கள். மூக்கில் ஒரு குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஒரு கவ்வி. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வீட்டில் படுத்துத் தூங்கினான். பிறகு முடிவு கேட்க நானும் அவனும் போனோம்.

மலாய்க்கார டாக்டரம்மா, சின்ன வயது, பொறுமையானவர். திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு கோடு மூக்கில் போகிற காற்று. அது அலை அலையாக வந்து திடீரென்று தட்டையாகிவிடுகிறது. அதற்குக் கீழே இருக்கிற கோடு வயிறு. அது நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைத்துவிடுகிறது, வயிறும் நெஞ்சும் காற்றை இழுக்கப் போராடுகின்றன, ஆனால் உள்ளே ஒன்றும் போகவில்லை என்றார். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பயந்துபோய் ஆளை உலுக்கி எழுப்புகிறது, ஒரு மூச்சு கிடைக்கிறது, மறுபடி அடைக்கிறது. தூங்குகிறவருக்கு இது எதுவும் ஞாபகம் இருக்காதாம்.

நான் வயிற்றுக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துத்தானே மூச்சு சீராக இருக்கிறது என்று நினைத்தேன்? அதை மூச்சு என்று நினைக்காமல் வேறு என்னவென்று நினைப்பது?

வாசு அசைந்து கொடுக்கவில்லை. கல்யாணம் முடியட்டும், பிறகு மெஷின் போட்டுக்கொள்கிறேன் என்றான். என் அப்பாவும் இப்படித்தான், அவர் நன்றாகத் தூங்குவார் என்று அவரிடமும் சொன்னான். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். ‘மக்சிக்’ என்று மரியாதையாகக் கூப்பிட்டு, உங்கள் கணவர் தூங்கும்போது எப்படி இருக்கும் என்று மலாயில் கேட்டார்.

என்னிடம் இருக்கிற மலாய் பாசாரில் காய் வாங்கவும் பஸ் ஏறவும்தான் காணும். உங்கள் மூச்சைச் சொல்ல அதில் வார்த்தை இல்லை. தமிழில்கூட இருக்கிறதா என்று தெரியவில்லை. கைப்பையைக் கீழே வைத்தேன், நாற்காலியில் சாய்ந்தேன், கண்ணை மூடிக்கொண்டு உங்களைப் போலச் செய்து காட்டினேன்.

தாழ்வாகத் தொடங்கினேன். ஏற்றினேன். வெட்கமே இல்லை. கதவருகே நின்ற தாதி சிரிப்பை அடக்கியது கேட்டது. உச்சத்தில் பட்டென்று நிறுத்தினேன். தொண்டையை அடைத்துக்கொண்டு வயிற்றை மட்டும் ஏற்றி இறக்கினேன். நீங்கள் எந்த இடத்தில் மூச்சுக்குத் திரும்பி வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாதா? அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். நெஞ்சு எரிந்தது. காது அடைத்தது. அந்த இடம் வரவே இல்லை. என்னால் முடியாமல் வாயைத் திறந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டாக்டரம்மா தண்ணீரை நீட்டினார். நான் வாங்கவில்லை. வாசுவைப் பார்த்துத் தமிழில்தான் சொன்னேன்.

“இன்னும் இருக்குப்பா. அப்பா இன்னும் வரல. எனக்குத்தான் முடியல.”

அறையில் யாரும் சிரிக்கவில்லை. வாசு எழுந்து வந்து என் முதுகைத் தடவினான். “போதும்மா. போதும்” என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. டிவியைக் குறைத்தவன் அவன். அதை நான் ஒருநாளும் பேசியதில்லை, இனியும் பேசமாட்டேன். பிறகு அவன் டாக்டரம்மாவிடம் திரும்பி, அந்த மெஷினை எப்படி மாட்ட வேண்டும் என்று கேட்டான்.

மெஷின் வந்துவிட்டது. ரேடியோ பெட்டி அளவுதான் இருக்கிறது. ஒரு குழாய், மூக்கை மூடுகிற ஒரு மாஸ்க். காற்றை ஊதித் தொண்டை அடைக்காமல் பிடித்துக்கொள்கிறதாம். முதல் சில நாள் அரைத்தூக்கத்தில் பிய்த்துப் போட்டான். தர்ஷினி போனிலேயே அதட்டியது. “மாஸ்க் போட்டுக்கிட்டு அப்பறம் பேசுங்க” என்கிறது இப்போது. கல்யாணம் சொன்ன நாளிலேயே நடக்கும். சம்பந்தி வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டோம். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தர்ஷினியின் அம்மா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எங்க வீட்டுக்காரரும் அப்புடித்தான், எந்த டாக்டர்?” என்று கேட்டார்.

முந்தாநாள் வாசு இரவு வேலை முடிந்து வந்து மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு படுத்தான். நான் கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று என் உடம்புதான் காத்துக்கொண்டிருந்தது. நிற்கவே இல்லை. வெயில் ஏறி, உலர்த்திய துணியெல்லாம் காய்ந்தும்கூட நான் எழுந்திருக்கவில்லை. ஒரு மனிதன் தூங்குவதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அப்போது உங்களை நினைத்துக்கொண்டேன். சிவந்த கண்ணோடு எழுந்து, தலையைப் பிடித்துக்கொண்டு, மறுபடி பஸ்ஸை எடுக்கப் போன மனுஷன். எத்தனை களைத்துப்போயிருப்பீர்கள்? ஒரே ஒரு மத்தியானம் நீங்கள் இப்படித் தூங்கி நான் பார்த்திருக்கக் கூடாதா?

இனி அதற்கு வழியில்லை. உங்களுக்கு ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். நான் இருக்கிற வரைக்கும், நீங்கள் நிம்மதியாகத் தூங்கினீர்கள் என்று யார் சொன்னாலும், அது நம் பிள்ளையாகவே இருந்தாலும், நான் சும்மா இருக்கமாட்டேன். நீங்கள் தூங்கவில்லை, மூச்சுக்காகப் போராடிக்கொண்டிருந்தீர்கள், நாங்கள் பக்கத்திலேயே இருந்தோம் என்று சொல்லிவிடுவேன்.

உங்கள் சம்சாரம்,
வாசுவுக்கு அம்மா, தர்ஷினிக்கு மாமியாராகப் போகிறவள்,
இந்திரா